பராசக்தியா, நம் வீட்டுக் குழந்தையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து ‘சின்னஞ்சிறு கிளியே கண்ணம்மா’ பாடித்தான் அவளைத் தூங்க வைத்தேன். அண்மையில் உறவினர் வீட்டு நவராத்திரிக் கொலுவில் அதைப் பாடினேன். தமிழ் படித்த பெரியவர் ஒருவர், “பாரதி இதைப் பராசக்தியை நினைத்து எழுதினார். இதைத் தாலாட்டாக்குவது அறியாமை” என்றார். எனக்கு முகம் வாடிவிட்டது. எழுதியவர் நினைத்ததுதான் பாட்டின் பொருளா? நான் பாடிவந்தது தவறா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பெரியவர் சொன்ன தகவல் சரியானது. 1917இல் பரலி சு. நெல்லையப்பர் பதிப்பித்த ‘கண்ணன் பாட்டு’ நூலைச் சேர்ந்தது இந்தப் பாடல். ‘கண்ணம்மா – என் குழந்தை’ என்ற தலைப்பின் கீழ், ‘பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு சொல்லிய பாட்டு’ என்று குறிப்பு இருக்கிறது. ஆனால் அந்தத் தகவலிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவை நான் ஏற்கவில்லை.

குறிப்பை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். குழந்தையாகக் கண்டு என்கிறார் பாரதி. தெய்வத்தைக் குழந்தையாகக் காண வேண்டுமானால் முதலில் குழந்தையைக் கண்டிருக்க வேண்டும். ஓடி வருவதையும், நெற்றி சுருங்குவதையும், கண்ணில் நீர் வழிவதையும் பக்கத்திலிருந்து பார்த்துப் பதைத்திருக்க வேண்டும். பெரியாழ்வார் யசோதையாகி மாணிக்கத் தொட்டிலை ஆட்டினார். குமரகுருபரர் மீனாட்சியம்மையைப் பிள்ளைத்தமிழில் சிறுமியாக்கினார். அவர்கள் கையாண்டது வீட்டுத் தாய்மாரின் தாலாட்டைத்தான். தொட்டிலிலிருந்து சந்நிதிக்குப் போன பாட்டு மறுபடி தொட்டிலுக்குத் திரும்புவதில் என்ன அறியாமை இருக்கிறது?

அதற்காக, கேட்பவர் எதை நினைத்தாலும் பொருள்தான் என்றும் நான் சொல்லமாட்டேன். ‘கன்னத்தில் முத்தமிட்டால் உள்ளந்தான் கள்வெறி கொள்ளுதடீ’, ‘உன்னைத் தழுவிடிலோ கண்ணம்மா உன்மத்தமாகுதடீ’ ஆகிய அடிகளை மட்டும் பிய்த்தெடுத்து, இது காதலிக்குப் பாடியது என்று ஒருவர் சொன்னால் மறுப்பேன். ‘பிள்ளைக் கனியமுதே’ என்பதையும் ‘சொல்லு மழலையிலே’ என்பதையும் அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? ஒரு பொருள் நிற்குமா என்பதற்கு என்னிடம் இருக்கும் சோதனை இது ஒன்றே: பாட்டின் எல்லா அடிகளுக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். கவிஞரின் குறிப்பையும் இதே சோதனைக்கு உட்படுத்தலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

உட்படுத்திப் பார்த்தால் சுவையான ஒன்று தெரிகிறது. கள்வெறி, உன்மத்தம் என்ற சொற்கள் குழந்தையைக் கொஞ்சுகிறவர் வாயில் சற்று மிகையாகவே ஒலிக்கின்றன. சக்தியின் பித்தில் நிற்கும் பக்தனின் வாயில் அவை அப்படியே பொருந்துகின்றன. பாரதியின் குறிப்பை அறிந்த பிறகுதான் அந்த அடிகளின் முழு வேகம் எனக்குப் பிடிபட்டது. ஆனால் ஒன்பதாவது கண்ணிக்கு வாருங்கள்:

அன்பு தருவதிலே – உனைநேர்
ஆகுமோர் தெய்வ முண்டோ?

பராசக்தியிடமே இதைக் கேட்கலாம், உன்னைப் போல வேறு தெய்வம் உண்டா என்று. அப்படியும் பொருள் வருகிறது. ஆயினும் நம் வீட்டில் தவழும் ஒரு குழந்தையின் முன் நின்று, எந்தத் தெய்வமும் உனக்கு ஈடில்லை என்று சொல்லும்போது இந்த அடிக்கு வரும் துணிச்சல் மிகப் பெரியது. அதற்கு முந்தைய கண்ணியில் ‘முல்லைச் சிரிப்பாலே எனது மூர்க்கந் தவிர்த்திடுவாய்’ என்கிறார். கோபக்காரத் தகப்பன் ஒருவன் தன் மகளிடம் தோற்றுப்போகும் குரலாகவே எனக்கு அது கேட்கிறது. தலைப்புக் குறிப்பு எவ்வளவு சொன்னாலும் அந்தத் தகப்பனை என்னால் பாட்டிலிருந்து வெளியே அனுப்ப முடியவில்லை, அனுப்ப விருப்பமும் இல்லை.

இசையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பாரதி இதற்குப் பைரவி ராகம், ரூபக தாளம் என்று எழுதி, ஸ்வரங்களையும் கொடுத்தார். கூடவே, அவற்றை மாதிரியாக வைத்துக்கொண்டு ‘மனோபாவப்படி மாற்றிப் பாடுக’ என்றார். மெட்டுக்குத்தான் இந்த அனுமதி, பொருளுக்கு இதை இழுப்பது முறையாகாது. ஆனால் மெட்டு மாறியபோது பாட்டின் உணர்வும் மாறிவிட்டது. 1951இல் வெளியான ‘மணமகள்’ படத்தில் சி.ஆர். சுப்பராமன் இசையில் எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் இதைப் பல ராகங்களைக் கோத்த ராகமாலிகையாகப் பாடினார்கள். காபி ராகத்தில் தொடங்கும் அந்த மெட்டுதான் இன்று ஊரெங்கும் ஒலிக்கிறது, உங்கள் வாயிலும் அதுதான் இருந்திருக்கும். பைரவியில் பாடுகிறவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பெரியவரும், கவிஞர் குறித்த ராகத்தில் பாடவில்லையே என்று உங்களைக் கேட்கவில்லை.

ஒரு வேண்டுகோள். நான் கேட்ட கச்சேரிகளில் பெரும்பாலும் ‘என்னுயிர் நின்னதன்றோ’ என்பதோடு பாட்டை முடித்துவிடுகிறார்கள். அதன் பிறகு இன்னும் மூன்று கண்ணிகள் இருக்கின்றன, நான் மேலே சொன்ன மழலையும் மூர்க்கமும் தெய்வமும் அங்கேதான் வருகின்றன. பத்துக் கண்ணிகளையும் மனப்பாடம் செய்து, அடுத்த கொலுவில் முழுவதுமாகப் பாடுங்கள். பெரியவர் வந்திருந்தால், ‘தெய்வ முண்டோ’ என்ற அடியை யாரைப் பார்த்துப் பாட வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் விடையை எனக்கும் எழுதுங்கள்.