இணையமே இல்லாத கணினியில் வீடியோ, ஆடியோ மென்பொருட்களை நிறுவுவது எப்படி?

கேட்டவர் கடம்பூர் மலைப்பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறார். அங்கே செல்போன் சிக்னலே எட்டாது. பாட வீடியோக்கள் ஓட வேண்டும், பிள்ளைகள் பாடுவதையும் கும்மி ஆடுவதையும் பதிவு செய்து வெட்டி ஒட்ட வேண்டும் என்கிறார். நான் சத்தியமங்கலத்தில் கணினி பழுது பார்க்கிறவன். மலை மேலே இருக்கும் கணினிகள் அடிக்கடி என் கைக்கு வருவதால் இதற்குப் பதில் சொல்கிறேன்.

வீடியோ பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால் பதில் சின்னது. விஎல்சி பிளேயரின் முழு நிறுவல் கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோய் இயக்குங்கள், முடிந்தது. விண்டோஸில் அது ஒரே கோப்பு, 50 எம்பிகூட வராது. சுருக்கி வைத்த படத்தையும் சத்தத்தையும் விரித்து ஓட்டும் கோடெக்குகள் எல்லாம் அதற்குள்ளேயே இருப்பதால் நிறுவும்போது இணையத்தைத் தேடாது.

மற்ற மென்பொருட்களில்தான் சிக்கல். இணையம் இருக்கும் இடத்தில் ஒரு மென்பொருள் தனக்கு வேண்டியதைத் தானே இழுத்துக்கொள்ளும், நமக்கு அது நடப்பதே தெரியாது. இணையம் இல்லாத இடத்தில் அது என்னென்ன கேட்கும் என்று யோசித்து எல்லாவற்றையும் நாமே பையில் எடுத்துப் போக வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் பள்ளத்தில் தண்ணீர் வந்து பஸ் நின்றுவிடும் ஊர்களுக்கு ஒரு சின்னக் கோப்பை மறந்ததற்காக இன்னொரு முறை ஏறி இறங்க யாருக்கு முடியும்? அதனால் எதையும் பதிவிறக்கும் முன்னால் அந்தக் கணினி என்ன ரகம் என்று பார்த்துவிடுங்கள்.

பார்க்க வேண்டியது ரொம்ப இல்லை. 'திஸ் பிசி' படத்தில் வலது சொடுக்கி 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்தால் விண்டோஸ் எந்தப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா, ரேம் எவ்வளவு என்று ஒரே திரையில் வரும். அதை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிவைத்தால் பாதி விட்டுப்போகும். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் ஓடும் பழைய மடிக்கணினிகள் இன்னமும் பள்ளிகளில் உண்டு. ஸ்டார்ட்டர் 32 பிட்டில் மட்டுமே வந்த பதிப்பு. அதற்கு 64 பிட் கோப்பைக் கொண்டுபோனால் திறக்கவே திறக்காது. வீடியோ பதிவு செய்யும் ஓபிஎஸ் ஸ்டூடியோவை எடுத்துக்கொண்டால், 2022-இல் வந்த 28-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7, 8 இரண்டையும் 32 பிட்டையும் கைவிட்டுவிட்டார்கள். பழைய கணினிக்கு 27-ஆம் பதிப்பைத்தான் தேடி எடுக்க வேண்டும். விஎல்சியின் 3-ஆம் பதிப்பு மட்டும் எக்ஸ்பி வரைக்கும் இறங்கி வருகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

கணினி புதிது, இன்னும் மலை ஏறவில்லை என்றால் ஏற்றவே ஏற்றாதீர்கள். எல்லாவற்றையும் கீழேயே செய்து முடித்துவிடுங்கள். விண்டோஸ் 11-இன் முதல் அமைப்பே இணையம் கேட்கும். விலை குறைந்த மடிக்கணினிகள் சில 'எஸ் மோடு' என்ற பூட்டோடு வருகின்றன. அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வருவது தவிர வேறு எதையும் நிறுவ முடியாது, பூட்டை எடுக்கவும் அதே ஸ்டோருக்குத்தான் போக வேண்டும். பென்டிரைவில் நீங்கள் எதைக் கொண்டுபோனாலும் அங்கே செல்லாது.

அடுத்து, நீங்கள் இறக்கியது முழுக் கோப்பா, வெறும் தூதுவனா என்று பார்க்க வேண்டும். பல நிறுவனங்கள் முதல் பக்கத்தில் கொடுப்பது ஓரிரு எம்பி அளவுள்ள சின்னக் கோப்புதான். அதை இயக்கிய பிறகுதான் அது இணையத்துக்குப் போய் உண்மையான மென்பொருளை எடுத்துவரும். 'ஆஃப்லைன் இன்ஸ்டாலர்' அல்லது 'ஸ்டாண்ட்அலோன்' என்று தனியாக ஒரு கோப்பு இருக்கும், பக்கத்தின் அடியில் எங்காவது ஒளித்து வைத்திருப்பார்கள். அளவைப் பார்த்தாலே தெரிந்துவிடும், 2 எம்பியில் ஒரு வீடியோ எடிட்டர் அடங்காது.

முழுக் கோப்பாகவே இருந்தாலும் சிலதுக்குத் துணை வேண்டும். வீடியோ அளவைச் சுருக்க எல்லோரும் பயன்படுத்தும் ஹேண்ட்பிரேக் நல்ல உதாரணம். அதை விண்டோஸில் திறந்தால், அது ஓடத் தேவையான டாட்நெட் டெஸ்க்டாப் ரன்டைம் என்ற மைக்ரோசாஃப்ட் துணைத் தொகுப்பு இல்லை என்று சொல்லி நின்றுவிடும். எந்தப் பதிப்புக்கு எந்த ரன்டைம் என்பது மாறும், அதன் பதிவிறக்கப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். பழைய மென்பொருட்கள் சில டாட்நெட் 3.5 கேட்கும். விண்டோஸ் 10-இல் அதற்கு இணையம் தேவையில்லை, விண்டோஸ் நிறுவும் டிஸ்க்கிலேயே 'சோர்ஸஸ்' ஃபோல்டருக்குள் 'எஸ்எக்ஸ்எஸ்' என்ற இடத்தில் அது இருக்கிறது, அங்கிருந்து ஏற்றலாம். விசுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்று நீளப் பெயரோடு இன்னொரு துணைத் தொகுப்பு உண்டு. அதை மட்டும் கேட்டாலும் கேட்காவிட்டாலும் என் பென்டிரைவில் எப்போதும் வைத்திருப்பேன்.

ஒலிக்கு அடாசிட்டி போதும். எம்பி3-ஆகச் சேமிக்க முன்பெல்லாம் லேம் என்ற கோப்பைத் தனியாகத் தேட வேண்டியிருந்தது. எம்பி3-க்கான காப்புரிமைகள் 2017-இல் முடிந்தன, இப்போதைய அடாசிட்டியில் அது உள்ளேயே இருக்கிறது. ஆனால் செல்போனில் பதிவு செய்த எம்4ஏ கோப்புகளைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணைத் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். பிள்ளைகளின் பாட்டை எப்படியும் செல்போனில்தான் பதிவு செய்வீர்கள். அதையும் சேர்த்தே எடுத்துப் போங்கள்.

ஒரு வாத்தியார் போனில் சொன்னார்: "ஏனுங் தம்பி, படம் நல்லா ஓடுதுங்க, சத்தந்தான் வரமாட்டேங்குது." ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்திருக்கிறார், வயரைப் பிடுங்கிச் சொருகியிருக்கிறார். கோளாறு அங்கே இல்லை. எம்பி4, எம்கேவி என்பதெல்லாம் தூக்குப்போசி மாதிரி, வெளியே பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும், உள்ளே சோறா களியா என்பது திறந்தால்தான் தெரியும். படம் ஒரு கோடெக்கில் இருக்கும், சத்தம் வேறு கோடெக்கில் இருக்கும். கணினியில் முதலாவதுக்கு ஆள் உண்டு, இரண்டாவதுக்கு இல்லை. அதே கோப்பை விஎல்சியில் திறக்கச் சொன்னேன், சத்தம் வந்துவிட்டது. இப்போதைய செல்போன்கள் சில வீடியோவை எச்இவிசி முறையில் எடுக்கின்றன. விண்டோஸின் சொந்தப் பிளேயர் அதற்கு ஸ்டோரில் காசு கொடுத்து ஒரு துணைக்கோப்பு வாங்கச் சொல்லும், விஎல்சி கேட்காது. இதனால்தான் கோடெக் பேக் என்று மூட்டையாக விற்பதையும் கொடுப்பதையும் நான் பெரும்பாலும் போடுவதில்லை. ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டு அப்புறம் எது எதைக் கெடுத்தது என்று தேடுவது வீண் வேலை.

விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இயங்குதளமான லினக்ஸுக்கு வருவோம். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த இயந்திரங்கள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. சில பள்ளிகளில் உபுண்டு என்ற லினக்ஸ் ஓடுகிறது. இவற்றில் விஎல்சி ஒரே கோப்பாக வராது. மென்பொருளைப் பேக்கேஜ் என்ற துண்டுகளாகத்தான் தருவார்கள், ஒரு பேக்கேஜ் இன்னொன்றைக் கேட்கும், அது வேறு இரண்டைக் கேட்கும். ஒவ்வொன்றாக இறக்கிப் போய்ப் பார்க்கிறவர்களுக்குப் பொழுது அதிலேயே போய்விடும்.

எனக்குப் பிடித்த வழி இது. மலையில் இருக்கும் கணினியில் எந்த ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து (நிறுவல் டிஸ்க்கின் நகல்) உபுண்டு நிறுவினார்களோ அதே ஐஎஸ்ஓவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, கீழே இணையம் உள்ள கணினியை அதிலிருந்து லைவாகத் தொடங்குங்கள். நிறுவ வேண்டாம், 'ட்ரை' என்று கொடுத்தால் போதும். மேலே உள்ள கணினியில் அப்டேட்டே நடந்திருக்காது, அதனால் இரண்டிலும் பேக்கேஜ்களின் நிலை கிட்டத்தட்ட ஒன்றேதான். இங்கே பேக்கேஜ்களை இறக்கும் ஆப்ட்-கெட் கட்டளையை 'டவுன்லோடு ஒன்லி' என்ற விருப்பத்தோடு கொடுத்தால், விஎல்சிக்கு அந்தக் கணினியில் எவையெல்லாம் இல்லையோ அவை மட்டும் இறங்கும். 'வார்' ஃபோல்டருக்குள் கேஷ், அதற்குள் ஆப்ட், அதற்குள் ஆர்க்கைவ்ஸ் என்று போனால் அந்த பேக்கேஜ்கள் டெப் கோப்புகளாக வரிசையாக இருக்கும். லைவை மூடும் முன் அவற்றை வேறொரு பென்டிரைவுக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மூடியதும் காணாமல் போய்விடும். மேலே போய் அந்த ஃபோல்டரில் கட்டளை எழுதும் திரையான டெர்மினலைத் திறந்து, நிறுவும் டிபிகேஜி கட்டளைக்கு எல்லா டெப் கோப்புகளையும் ஒன்றாகக் கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் வரிசை தப்பி அழும்.

கட்டளை எழுதப் பிடிக்காதவர்களுக்கு சினாப்டிக் என்ற மென்பொருள் இருக்கிறது. வேண்டியதைக் குறித்துவிட்டு, ஃபைல் மெனுவில் பதிவிறக்க ஸ்கிரிப்ட் உருவாக்கு என்று கொடுத்தால் தேவையான எல்லா முகவரிகளும் ஒரு கோப்பில் வந்துவிடும். கீழே வந்து அதை நோட்பேடில் திறந்து முகவரிகளை ஒவ்வொன்றாக பிரவுசரில் போட்டாலும் இறங்கும். திரும்பிப் போய் அதே மெனுவில் இறக்கியவற்றைச் சேர்க்கலாம். குறை ஒன்று உண்டு. அந்தக் கணினியின் பட்டியல் பழையது என்றால் சில முகவரிகளில் கோப்பு இருக்காது, புதுப் பதிப்பு வந்து பழையதை எடுத்திருப்பார்கள்.

உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ் என்ற தொகுப்பை நம்பிப் போகாதீர்கள். கோடெக்குகள் எல்லாம் அதில் வரும் என்று சொல்வார்கள், அது சரிதான். ஆனால் அதோடு சேர்ந்து மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களுக்கான ஒரு பேக்கேஜ் வரும். அதன் டெப் கோப்புக்குள் எழுத்துருவே கிடையாது, நிறுவும்போதுதான் இணையத்தில் போய் எடுக்கும். டிவிடி ஓட்ட உதவும் லிப்டிவிடி பேக்கேஜும் இதே ரகம். விஎல்சியை மட்டும் தனியாக எடுங்கள்.

வீடியோ எடிட்டிங்குக்கு லினக்ஸில் ஆப்இமேஜ்தான் சுகம். கேடென்லைவ், ஷாட்கட் இரண்டும் அப்படிக் கிடைக்கின்றன. ஒரே கோப்பு, இயக்க அனுமதி கொடுத்துச் சொடுக்கினால் திறக்கும். உபுண்டு 22.04 முதல் லிப்ஃபியூஸ்2 என்ற சின்ன பேக்கேஜ் இயல்பாக இருப்பதில்லை, அது இல்லாமல் பல ஆப்இமேஜ்கள் திறக்காது. அதன் டெப்பையும் கூடவே போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸிலும் ஷாட்கட்டுக்கு நிறுவத் தேவையில்லாத போர்ட்டபிள் வடிவம் உண்டு. ஆனால் 2 ஜிபி ரேமில் எடிட்டிங் என்று உட்காராதீர்கள், விஎல்சி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் கல்யாண ஸ்டூடியோ வைத்திருப்பவர்களும் எடிட்டிங் கணினியை வேண்டுமென்றே இணையத்திலிருந்து பிரித்து வைக்கிறார்கள். தை, வைகாசி முகூர்த்த நேரத்தில் திடீரென்று ஒரு அப்டேட் வந்து வேலை நின்றால் பொண்ணு வீட்டுக்காரருக்கு யார் பதில் சொல்வது? அவர்களுக்கு ஒன்று சொல்வேன். மாதச் சந்தா கட்டும் மென்பொருட்கள் அவ்வப்போது இணையத்தில் உரிமத்தைச் சரிபார்க்கும், நிரந்தரமாகத் துண்டித்து வைக்க முடியாது. அதற்காக கிராக் செய்த பதிப்புகளைப் பென்டிரைவில் வாங்கிப் போடுகிறார்கள். ஃபோல்டர்கள் எல்லாம் மறைந்து ஷார்ட்கட்டாக மாறும் வைரஸ் இந்த வழியாகத்தான் ஊர் ஊராகப் போகிறது. இணையம் இல்லாத கணினியில் ஆன்டிவைரஸும் பழசாகவே இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்குப் புது வைரஸ்களை அடையாளம் காட்டும் வரையறைக் கோப்பை மைக்ரோசாஃப்ட் தளத்தில் தனியாக இறக்கலாம், அதையும் பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்.

பதிவிறக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். விஎல்சியை உருவாக்குகிறவர்களின் வீடியோலேன் தளம் 2022-இல் பல மாதங்கள் இந்தியாவில் திறக்காமல் இருந்து நவம்பரில்தான் மீண்டும் திறந்தது. அந்த நேரத்தில் கண்ட தளங்களிலிருந்து இறக்கிய விஎல்சி கோப்புகள் இன்னமும் சிலருடைய பென்டிரைவில் சுற்றுகின்றன. அதை விட்டுவிட்டு வீடியோலேன் தளத்திலேயே புதிதாக எடுங்கள்.

பென்டிரைவ் எஃப்ஏடி32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. பெரிய எடிட்டரோ நீளமான வீடியோவோ எடுத்துப் போவதென்றால் முன்பே எக்ஸ்ஃபேட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். காலியான பென்டிரைவில் செய்ய வேண்டும், மாற்றினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும்.

தமிழ் எழுத்துருவும் எடுத்துப் போங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், நகலெடுத்து நிறுவினால் போதும். இல்லாவிட்டால் பழைய லினக்ஸ் கணினிகளில் வள்ளி கும்மி வீடியோவுக்கு நீங்கள் போடும் தலைப்பு கட்டம் கட்டமாக வரக்கூடும்.

எல்லாம் நிறுவியபின் உடனே கிளம்பிவிடாதீர்கள். பள்ளியில் இருக்கும் செல்போனில் எடுத்த ஒரு வீடியோ, ஒரு எம்பி3, பாட வீடியோக்களில் ஒன்று, மூன்றையும் அங்கேயே ஓட்டிப் பாருங்கள். புரொஜெக்டரை எச்டிஎம்ஐ வயரில் மாட்டியும் ஒருமுறை ஓட்டுங்கள். மாட்டியதும் சத்தம் புரொஜெக்டர் பக்கம் போய்விடும், ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒலிப்படத்தைச் சொடுக்கி மறுபடியும் ஸ்பீக்கருக்கு மாற்றுவது எப்படி என்று அங்கே இருக்கும் ஆசிரியர் ஒருவர் கையாலேயே செய்ய வைத்துவிட்டு வாருங்கள்.