மழைக்கால ஒருநாள் ரயில் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழந்தமிழர் கூதிர் என்று வகுத்த ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வெயில் தணிந்துவிடுவதால், காலையில் ரயிலேறிப் போய் இரவுக்குள் வீடு திரும்பும் ஆசை பலருக்கும் வந்துவிடுகிறது. அதே இரு மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் இடையில் சிக்கியவர்களுடையவை. அவற்றுள் சிலவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: ஞாயிறன்று காட்பாடிக்குச் செல்ல இணையத்தில் எடுத்த டிக்கெட், காத்திருப்போர் பட்டியலில் 4-ஆம் எண்ணோடு நின்றுவிட்டது. ஏறிவிட்டுப் பரிசோதகரிடம் பேசிக்கொள்ளலாமா? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: கூடாது. இருக்கை ஒதுக்கீட்டின் இறுதிப் பட்டியலான சார்ட் தயாரானதும் அந்த டிக்கெட் தானாகவே ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறுபவர் டிக்கெட் இல்லாத பயணிதான்.

கேள்வி: ஏலகிரிக்குச் சென்றுவர, ஜோலார்பேட்டை வரை ஆறு பேருக்கு டிக்கெட் எடுத்துத் தரும்படி வாட்ஸ்அப்பில் அறிமுகமான ஒருவருக்குப் பணம் அனுப்பினோம். தலைக்கு 150 ரூபாய் கூடுதலாக வாங்கினார். கனமழையால் அந்த ரயிலே ரத்தாகிவிட்டது. பணத்தைக் கேட்டால், ரயில்வே இன்னும் தரவில்லை என்று மூன்று வாரமாகச் சொல்கிறார். (வாசகி, பெரம்பூர்)

பதில்: அவர் சொல்வதை நம்பாதீர்கள். ரயில்வே ஒரு வண்டியை முழுவதுமாக ரத்து செய்தால், இணையத்தில் எடுத்த டிக்கெட்டின் கட்டணம், யாரும் விண்ணப்பிக்காமலேயே, எந்தக் கணக்கிலிருந்து செலுத்தப்பட்டதோ அந்தக் கணக்குக்கே திரும்பிவிடும். வசதிக் கட்டணம் மட்டும் திரும்பாது. இங்கே பணம் செலுத்தியது அவருடைய கணக்கு என்பதால், உங்கள் பணம் அங்கேதான் போயிருக்கும். அங்கீகாரம் இல்லாமல், தம் சொந்தக் கணக்கில் டிக்கெட் எடுத்து லாபத்துக்கு விற்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். பி.என்.ஆர். எண், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய சான்று ஆகிய மூன்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, 139 என்ற ரயில்வே உதவி எண்ணில் புகார் செய்யப் போவதாக அவருக்கு ஒருமுறை எழுதுங்கள். இரண்டு நாளில் பணம் வராவிட்டால் உண்மையிலேயே புகார் செய்யுங்கள். ஏமாந்தோமே என்று வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கப்பட வேண்டியவர் அவர்.

கேள்வி: கடற்கரை நிலையத்திலிருந்து செங்கல்பட்டு சென்று, அங்கிருந்து காஞ்சிபுரம் போகத் திட்டமிட்டோம். மழைக்கு அவசரமாக ஏறிய மின்சார ரயில் ஏ.சி. ரயிலாம். சாதாரண டிக்கெட் செல்லாது என்று அபராதம் விதித்தார்கள். அறிவிப்பைச் சத்தமாகச் செய்திருக்கக் கூடாதா? (வாசகர், மயிலாப்பூர்)

பதில்: 2025 ஏப்ரல் முதல் ஓடும் அந்த ரயிலில் குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய், சாதாரண ரயிலில் அது 5 ரூபாய். கதவு தானாக மூடிக்கொள்கிறது, உள்ளே குளிர்கிறது, மின்விசிறிகளின் இரைச்சல் இல்லை. இத்தனைக்குப் பிறகும் தெரியவில்லை என்றால், அறிவிப்பு மட்டும் எப்படிக் காதில் விழுந்திருக்கும்? கட்டணத்தோடு 250 ரூபாய் என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அபராதம்.

கேள்வி: விழுப்புரம் செல்லும் காலை வண்டி நான்கு மணி நேரம் தாமதம் என்றதால் வீடு திரும்பிவிட்டோம். கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் டி.டி.ஆர். விண்ணப்பத்தை மறுநாள் பதிவு செய்தேன், நிராகரித்துவிட்டார்கள். திரும்பி வருவதற்கான டிக்கெட் பணமும் போயிற்று. (வாசகர், குரோம்பேட்டை)

பதில்: விதி உங்கள் பக்கம்தான் இருந்தது, நேரத்தைத்தான் தவறவிட்டீர்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் வண்டியில் பயணம் செய்யாவிட்டால் முழுக் கட்டணமும் கிடைக்கும், ஆனால் அந்த வண்டி உங்கள் நிலையத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே டி.டி.ஆர். பதிவாகியிருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட் தனி டிக்கெட். போகும் வண்டி தாமதமானதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதால், அன்று காலையிலேயே அதை ரத்து செய்திருந்தால் ஒரு பகுதியாவது மிஞ்சியிருக்கும். மழை மாதங்களில் இவ்வளவு குறைந்த தூரத்துக்குத் திரும்பும் டிக்கெட்டை முன்பதிவு செய்யாமல், வரும்போது அங்கேயே முன்பதிவில்லா டிக்கெட் எடுப்பதுதான் என் வழக்கம்.

அந்த வழக்கம் எனக்கு இலவசமாக வரவில்லை. இதே விழுப்புரத்திலிருந்து திரும்ப, சனிக்கிழமை இரவு 12.20 வண்டி என்று எண்ணி, சனிக்கிழமை தேதிக்கே முன்பதிவு செய்திருந்தேன். நள்ளிரவு தாண்டினால் தேதி மாறிவிடும் என்பது, பெட்டியில் என் இருக்கையில் வேறொருவர் அமர்ந்திருந்ததைப் பார்த்த பிறகே உறைத்தது. எனக்குரிய வண்டி, முந்தைய இரவு நான் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தபோதே போய்விட்டிருந்தது. சென்னை வரை பொதுப் பெட்டியில் நின்றுகொண்டே வந்தோம். என் துணைவியார் செங்கல்பட்டு வரை என்னோடு பேசவில்லை.

கேள்வி: நடைமேடையில் ரயில்வேயின் குடிநீரான ரயில் நீர் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு 20 ரூபாய் கேட்டார்கள். விலை 14 தானே என்றால், குளிரூட்டுவதற்கான செலவு என்றார்கள். ஆறு ரூபாய்க்குச் சண்டையா என்று என் மகனே கடிந்துகொண்டான். (வாசகி, தாம்பரம்)

பதில்: இந்தப் பதிலை மகனிடம் படிக்கக் கொடுங்கள். குடிநீர் பாட்டில் மீதான ஜி.எஸ்.டி. 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தபோது, 2025 செப்டம்பர் 22 முதல் ரயில் நீரின் விலை லிட்டருக்கு 15-லிருந்து 14 ஆகவும், அரை லிட்டருக்கு 10-லிருந்து 9 ஆகவும் குறைக்கப்பட்டது. அச்சிட்ட அதிகபட்ச விலைக்குள் எல்லா வரியும் அடங்கிவிட்டது. குளிர்ச்சிக்கென்று தனி விலை எந்தச் சட்டத்திலும் இல்லை. இதெல்லாம் விற்பவருக்கும் நன்றாகத் தெரியும். அவர் நம்பியிருப்பது உங்கள் அறியாமையை அன்று, வண்டி இரண்டு நிமிடம்தான் நிற்கும் என்பதையும், மழையில் யாரும் இறங்கி அடுத்த கடைக்குப் போக மாட்டார்கள் என்பதையும், உங்களிடம் சில்லறை இராது என்பதையும்தான். ஒரு வண்டிக்கு ஐம்பது பாட்டில் என்று வைத்துக்கொண்டாலும், ஆறாறு ரூபாயாக 300 ரூபாய் ஆகிறது. ஆண்டுக்கணக்கில் நானும் பாட்டிலைப் பார்க்காமலே காசு கொடுத்தவன்தான். ஒருமுறை ரயில் நீர் என்று எண்ணி, பெயர் மட்டும் ஒத்திருந்த ஏதோ ஒன்றை வாங்கி, பாதி குடித்த பிறகே உறையைப் படித்தேன். அன்றிலிருந்து ஒரு பத்து ரூபாய்த் தாளையும் நான்கு ஒரு ரூபாய் நாணயங்களையும் சட்டைப் பையில் தனியே வைத்திருக்கிறேன். சரியான தொகையை நீட்டி, ரசீது கேளுங்கள். மறுத்தால் நிலையம், நடைமேடை எண், கடை எண், நேரம் ஆகியவற்றோடு ரயில்வேயின் புகார்ச் செயலியான ‘ரயில் மதத்’திலோ 139-லோ பதிவு செய்யுங்கள். ஓடும் வண்டியிலிருந்தே செய்யலாம்.

கேள்வி: சென்னைக் கடற்கரையிலிருந்து திருவண்ணாமலைக்கு 50 ரூபாயில் ரயில் இருக்கிறதாமே, காலையில் போய் மாலையில் வந்துவிடலாமா? (வாசகர், திருவல்லிக்கேணி)

பதில்: 2024 மே மாதம் தொடங்கிய அந்த வண்டி, மாலையில் புறப்பட்டு நள்ளிரவில் சேர்ந்து, விடியுமுன் திரும்புமாறு அமைக்கப்பட்டது. இரவு கிரிவலம் செல்பவர்களுக்கு அது வரம். பகலில் போய்வர நினைப்பவருக்குப் பேருந்தே நல்லது.

கேள்வி: கோவையிலிருந்து ஊட்டிக்கு, மலை ரயிலும் அடங்கிய ஒருநாள் சுற்றுலாவுக்கு ஒரு நிறுவனத்திடம் பணம் கட்டினோம். மண்சரிவால் மலை ரயில் ஓடவில்லை. வேனில் அழைத்துச் சென்றார்கள். இயற்கைச் சீற்றம் என்பதால் பணம் தர முடியாது என்கிறார்கள். (வாசகி, பீளமேடு)

பதில்: மண்சரிவு இயற்கைச் சீற்றம்தான். ஆனால் வண்டி ரத்தானால் ரயில்வே கட்டணத்தைத் திருப்பித் தருகிறது. அதைத் தம் பையில் வைத்துக்கொள்ளும்படி எந்த இயற்கையும் சொல்லவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து செல்லும் 46 கிலோமீட்டர் பாதையில், கல்லாறு முதல் குன்னூர் வரையிலான பல்சக்கரப் பகுதி பருவமழையில் அடிக்கடி அடைபடும் என்பது அந்தத் தொழிலில் உள்ள எவருக்கும் தெரிந்ததே. அதைச் சொல்லாமல் விற்றதும் குறைதான். ரயில் கட்டணத்தைத் தனியாகக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை நாடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லுங்கள். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு.

கேள்வி: மூத்த குடிமக்களுக்குச் சலுகைக் கட்டணத்தில் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? (வாசகர், வயது 71, ஆவடி)

பதில்: அந்தச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அவரிடம் பணம் கொடுக்காதீர்கள், ஐயா.