வாத்து வேட்டைக்கும் மீன்பிடிக்கும் ஒரே வள்ளம்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே யோசனையில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும். ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு வருடம். வேலையிடத்து நண்பர்களோடு போய் வாத்து வேட்டையில் ஆசை பிடித்துவிட்டது. துப்பாக்கி உரிமமும் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் எடுத்தாகிவிட்டது. இலையுதிர் காலத்தில் வாத்துக்கும், கோடையில் மனைவி மகளோடு மீன் பிடிக்கவும் ஒரே வள்ளம் வேண்டும். கையில் 3,000 டொலர். 12 அடி வள்ளம் ஒன்று, 16 அடி ஒன்று, ஒரு கனூ என்று மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். எதை வாங்குவது?

மூன்றையும் விட்டுவிடுங்கள். 14 அடி நீளமும் தட்டையான அடிப்பாகமும் உள்ள பழைய அலுமினிய வள்ளம் ஒன்றைத் தேடுங்கள். ஜோன் போட் என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். விளம்பரத்தில் 1436, 1448 என்று எண் போட்டிருப்பார்கள். முதல் இரண்டு இலக்கம் அடியில் நீளம், அடுத்த இரண்டும் அங்குலத்தில் அடித்தட்டின் அகலம். 1448 நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் போய்ப் பாருங்கள்.

நான் அகலத்தையே பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. என்னுடைய முதல் வள்ளம் 12 அடி, ஒடுக்கமானது. மலிவாக வந்தது, வாங்கினேன். நவம்பர் மாதம் ஒரு விடியற்காலை ஸ்கூகொக் ஏரியில் நானும் நண்பரும் இருந்தோம். விழுந்த வாத்தை எடுக்க அவர் ஒரு பக்கம் சாய்ந்தார். அதே நேரம் நானும் அந்தப் பக்கம் திரும்பினேன். விளிம்பு தண்ணீருக்குள் போய், கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. கவிழவில்லை. இருவரும் நடுவில் குந்தியிருந்து, வாளியால் இறைத்துக்கொண்டே கரைக்கு வந்தோம். அன்று பின்னேரமே அந்த வள்ளத்தை விற்க விளம்பரம் போட்டேன்.

குளிர்நீரைப் பற்றி மனித்தோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொன்ன 1-10-1 என்ற கணக்கு இங்கே வள்ளம் ஓட்டுகிறவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. உறைகுளிர்த் தண்ணீரில் விழுந்தால் மூச்சிரைப்பைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம் மட்டும், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணித்தியாலம். உயிர்காப்பு அங்கி போட்டிருந்தால்தான் அந்த 1 மணித்தியாலம் உங்களுக்குக் கிடைக்கும். இல்லாவிட்டால் முதல் நிமிடத்திலேயே முடிந்துவிடலாம். அதனால் அங்கியை ஆசனத்துக்குக் கீழே வைக்காதீர்கள், போட்டுக்கொள்ளுங்கள். வேட்டை உடுப்புக்கு மேலே போடக்கூடிய, தோள் அசைவைத் தடுக்காத அங்கிகள் இருக்கின்றன.

சரி, மற்ற மூன்றுக்கும் வருகிறேன். 12 அடிக்கு என்ன குறை என்று இப்போது விளங்கியிருக்கும். 16 அடி வள்ளம் நல்லதுதான், ஆனால் அதற்குப் பெரிய எஞ்சினும் பெரிய ட்ரெய்லரும் வேண்டும், நாணலுக்குள் தனி ஆளாக இழுத்து ஒளிக்கவும் முடியாது. கனூ, சிற்றாற்றில் தனியாகப் போகிறவருக்குச் சரி. பக்கவாட்டில் சுட்டால் துப்பாக்கியின் உதைப்பே ஆட்டம் காட்டிவிடும். பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போகிற உங்களுக்கு அது சரிவராது.

எந்தத் தண்ணீரில் ஓடப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஸ்கூகொக், ரைஸ் லேக் போன்ற ஆழம் குறைந்த, நாணலும் பாசியும் நிறைந்த ஏரிகளுக்குத் தட்டை அடி மாதிரி வேறொன்றும் இல்லை. சில அங்குலத் தண்ணீர் போதும், நாணலுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அலை எழுந்தால் அதே அடி படார் படாரென்று அறையும், தண்ணீர் உள்ளே தெறிக்கும். ஈரி ஏரி ஐந்து பேரேரிகளிலும் ஆழம் குறைந்தது, அதனாலேயே காற்று மாறியதும் குறுகிய செங்குத்தான அலை சட்டென்று எழும்பிவிடும். அந்த ஏரிக்கரையில் உள்ள லோங் பொயின்ற் வாத்துக்குப் பேர் போன இடம், அங்கேயும் சதுப்பை ஒட்டியே நில்லுங்கள். சிம்கோ ஏரியில்தான் அதிகம் மீன் பிடிப்பேன் என்பவருக்கு நான் வி வடிவ அடியையே சொல்வேன். உங்கள் கடிதத்தில் வாத்துத்தான் முன்னுக்கு நிற்கிறது, அதனால் தட்டை அடி.

எஞ்சினுக்கு 9.9 குதிரைவலு போதும். 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் என்றால் வள்ளத்துக்கு அரசாங்க உரிம இலக்கம் எடுத்து இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். 9.9 இவ்வளவு பரவலாகக் கிடைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. ஓட்டுநர் அட்டை மட்டும் எந்த எஞ்சினுக்கும் வேண்டும், சின்ன மின்சார மோட்டோருக்கும்கூட. இணையத்திலேயே பரீட்சை எழுதலாம். வாங்கும்போது எஞ்சின் தண்டின் நீளம், எஞ்சினை மாட்டும் பின்பலகையின் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று அளந்து பாருங்கள்: 15 அங்குலப் பலகைக்குக் குட்டைத் தண்டு, 20 அங்குலத்துக்கு நீளத் தண்டு.

பழைய வள்ளம் பார்க்கப் போகும்போது அவசரப்படாதீர்கள். விற்பவரிடம் கேட்டு, ட்ரெய்லரில் இருக்கும்போதே குழாயால் உள்ளே கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். பத்து நிமிடம் பொறுத்து, கீழே படுத்துப் பாருங்கள். தகடுகளை இணைக்கும் எந்த ரிவிட்டில் (ஆணியில்) சொட்டு விழுகிறது என்று தெரியும். ஒன்றிரண்டு சொட்டினால் அடைக்கலாம், வரிசையாகச் சொட்டினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். நிறையத் தண்ணீர் விட வேண்டாம், பாரத்தில் அடி வளைந்துவிடும். பின்பலகைக்குள் மரம் இருக்கும். எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பலகை சேர்ந்து நெளிந்தால் மரம் உக்கிவிட்டது. ஆசனத்துக்குள் இருக்கும் மிதவை நுரை தண்ணீர் குடித்திருந்தால் வள்ளம் காரணமில்லாமல் பாரமாக இருக்கும்.

எஞ்சினை நீங்கள் வருமுன் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் எல்லாம் தெரியும். ஓடும்போது பின்பக்கச் சிறு துளையிலிருந்து தண்ணீர் ஒழுங்காகப் பீச்ச வேண்டும், இல்லாவிட்டால் குளிர்விக்கும் பம்பில் பழுது. எஞ்சினின் அடியில் இருக்கும் கியர்ப்பெட்டி எண்ணெயில் ஒரு துளி எடுத்துப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது.

ட்ரெய்லரைப் பலரும் கவனிப்பதில்லை. சில்லைத் தூக்கிச் சுற்றுங்கள், கரகரவென்று சத்தம் வந்தால் பெயாரிங் மாற்ற வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ட்ரெய்லரின் உரிமைப் பத்திரம் விற்பவர் பெயரில் இல்லாவிட்டால் காசு கொடுக்காதீர்கள். உங்கள் காரால் இழுக்க முடியுமா என்று கையேட்டில் பாருங்கள், சில சிறிய கார்களுக்கு இழுக்கவே வேண்டாம் என்று எழுதியிருப்பார்கள். அப்புறம், நீங்கள் அடுக்குமாடியில் இருப்பதாகச் சொன்னீர்கள். அங்கே ட்ரெய்லர் நிறுத்த விடுகிறார்களா என்று வாங்குவதற்கு முன் கேளுங்கள்.

வேட்டைச் சட்டம் நீங்கள் படித்துத்தான் வந்திருக்கிறீர்கள்: ஈயக் குண்டு கூடாது, மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறக் கூடாது. வள்ளத்துக்கென்று ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். எஞ்சின் ஓடும்போதும், அதன் வேகத்தில் வள்ளம் நகரும்போதும் துப்பாக்கியில் தோட்டா இருக்கவே கூடாது. எஞ்சினை நிறுத்தி, வள்ளம் அசையாமல் நின்ற பிறகுதான் நிரப்ப வேண்டும். இன்னொன்று, 2022 முதல் ஒன்ராறியோவில் வள்ளத்தைத் தெருவில் ஏற்றிக்கொண்டு போகுமுன் வடிகால் மூடியைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஒட்டியிருக்கும் பாசியையும் நீர்ச்செடியையும் எடுத்துவிட வேண்டும். கேடு செய்யும் வேற்றிடச் செடிகளும் உயிரினங்களும் ஏரிக்கு ஏரி பரவாமல் இருக்கத்தான் இந்தச் சட்டம். மூடியைத் திரும்பப் பூட்டிவிட்டுத்தான் தண்ணீரில் இறக்க வேண்டும். நான் சாவிக்கொத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

பளபளக்கும் அலுமினியம் வாத்தின் கண்ணில் தூரத்திலேயே பட்டுவிடும். மங்கலான பழுப்பு நிறத்தை நீங்களே பூசலாம், ஒரு சனிக்கிழமை வேலை.

3,000 டொலரையும் வள்ளத்தில் போட்டுவிடாதீர்கள். 600 டொலராவது ஒதுக்கி வையுங்கள். ஆளுக்கொரு அங்கி, துடுப்பு, தண்ணீர் இறைக்க வாளி, ஊதி, 15 மீற்றர் மிதக்கும் கயிறு எல்லாம் சட்டப்படி வேண்டும். விடியுமுன் புறப்படுகிறவருக்கு விளக்கும் வேண்டும். எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று காட்டும் கொள்ளளவுத் தகடு உள்ளே ஒட்டியிருக்கும், அதை வாசித்து, ஆட்கள், எஞ்சின், பற்றரி, பெற்றோல், வாத்தை ஈர்க்க மிதக்க விடும் பொம்மை வாத்து மூட்டை எல்லாவற்றின் பாரத்தையும் கூட்டிப் பாருங்கள். தகடு கிழிந்துபோன வள்ளத்தில் பிள்ளையை ஏற்ற வேண்டாம்.

மகளுக்கு அங்கி வாங்கும்போது வளர்ந்த பிறகும் போடலாம் என்று பெரிதாக எடுக்காதீர்கள். அவளையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், இப்போதைய நிறைக்கு ஏற்றதைப் போட்டு, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது அவளுடையது அல்ல, அடுத்ததை எடுங்கள்.