பாதி ஸ்வெட்டர் முடிந்த பிறகு தெரியும் தப்புகள்: கேள்வி-பதில்

ராணுவத்தில் இருக்கும் மகனுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறேன். முன்பக்கம் கழுத்து வரை வந்துவிட்டது. இப்போதுதான் பார்க்கிறேன், கீழே ஒரு கேபிள் (கயிறு மாதிரி முறுக்கிய டிசைன்) மட்டும் எதிர்ப்பக்கமாக முறுக்கியிருக்கிறது. மொத்தத்தையும் பிரிக்கணுமா?
வாசகி, கம்மவான்பேட்டை

வேண்டாம் அம்மா. (வேலூர் வெயிலில் ஸ்வெட்டரா என்று சிரிப்பவர்களை உங்கள் ஊருக்குத்தான் அனுப்பணும். பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த ஊராயிற்றே!) கேபிள் 6 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) அகலம் என்றால், அந்த 6 கண்ணிகளை மட்டும் ஊசியிலிருந்து விட்டு, தப்பு நடந்த வரிசை வரை இறக்கலாம். பக்கத்துக் கண்ணிகள் அப்படியே நிற்கும்.

இறக்குவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. தப்பான முறுக்குக்குக் கீழ் வரிசையில் அந்த 6 கண்ணிகளுக்குள்ளும் வழவழப்பான பருத்தி நூலைக் கோத்து ஓட்டுங்கள். அதற்குக் கீழே பிரியாது. அப்புறம், மேலே உள்ள மற்ற முறுக்குகள் எந்தெந்த வரிசையில் வந்தன என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அவற்றையும் திரும்பப் போட வேண்டியிருக்கும், இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

இறக்கியதும் இழைகள் ஏணிப்படி மாதிரி குறுக்கே தொங்கும். அடியில் உள்ள இழையிலிருந்து ஆரம்பித்து, வரிசை மாறாமல், இருமுனை ஊசியால் மேலே பின்னி வாருங்கள். எல்லா வரிசையையும் முன்பக்கம் பார்த்தே நிட் (V வடிவில் தெரியும் சாதாரணக் கண்ணி) போடலாம். ஓரக் கண்ணிகள் கொஞ்சம் தளர்ந்து தெரியும். ஊசி நுனியால் இழுத்துச் சமன்செய்து, துவைத்துவிட்டால் அடங்கிவிடும். இந்த வேலையைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் செய்யுங்கள்.

தைத்து முடித்த பிறகு நடுவில் ஒரு கண்ணி நழுவியிருப்பது தெரிந்தது. குரோஷா ஊசியால் மேலே வரை ஏற்றிவிடலாமா?
வாசகி, குடியாத்தம்

முதலில் அந்தக் கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்துங்கள், மேலும் இறங்காது. அது கீழே இறங்கியிருந்தால், நழுவிய இடம் வரை குரோஷா ஊசியால் ஏற்றலாம். அதற்கு மேலே ஏற்ற முயலாதீர்கள். கண்ணி ஒன்று குறைவாகவே பின்னிக்கொண்டு போயிருக்கிறீர்கள், அதனால் அங்கே உபரி நூல் கிடையாது. ஏற்றினால் துணி இறுகிச் சுருங்கும். அதே நிற நூலால் பின்பக்கமாகக் கண்ணியைப் பிடித்து, முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே செருகிவிடுங்கள்.

குழந்தை ஸ்வெட்டரின் கழுத்து தலையில் நுழையவில்லை.
வாசகி, காட்பாடி

காஸ்ட் ஆஃப் வரிசையை (கண்ணிகளை மூடும் கடைசி வரிசை) மட்டும் பிரித்து, இரண்டு சைஸ் பெரிய ஊசியால் தளர்வாக மூடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

ஒரு நிட் கண்ணிக்குப் பதில் பர்ல் (முன்பக்கம் சிறு மேடாகத் தெரியும் கண்ணி) விழுந்திருக்கிறது, 50 வரிசைக்குக் கீழே.
வாசகர், ராணிப்பேட்டை

ஒரே ஒரு கண்ணிதானே தம்பி? அந்த இடத்தின் மேல், அதே நூலால் நிட் கண்ணியின் வடிவத்தில் தைத்து மூடிவிடுங்கள். பார்வைக்குத் தெரியாது.

பிரித்த அக்ரிலிக் நூல் சுருள்சுருளாக நிற்கிறது. இஸ்திரி போடலாமா?
வாசகி, ஆம்பூர்

கூடவே கூடாது. சூட்டில் அக்ரிலிக் துவண்டுபோனால் பழைய நிலைக்குத் திரும்பாது. நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி எடுத்து, வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் ஒற்றி, நிழலில் தொங்கவிடுங்கள். உங்கள் ஊர்க் காற்றுக்குச் சீக்கிரமே காய்ந்துவிடும்.