அமெரிக்காவின் பஃபலோவில் ஒரு பக்கம் ஆளுயரப் பனி, மறுபக்கம் வெறும் தரை. ஏன்?

கேள்வி: மகள் பஃபலோவில் படிக்கிறா. ஒரே நகரத்தில் இவ்வளவு வித்தியாசம் எப்படி?

பதில்: நகரை ஒட்டியுள்ள ஈரி ஏரிதான் காரணம். நமக்கு மாரியில் வாடைக்காற்று வங்காள விரிகுடாவில் ஈரம் அள்ளி மட்டக்களப்பில் கொட்டுகிறதே, அதே வேலை. அங்கே காற்று உறைகுளிர் என்பதால் மழை பனியாகிறது (நம்மூர் மார்கழிப் பனியோடு குழப்ப வேண்டாம்).

நவம்பரில் ஏரித் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பு. 1.5 கிலோமீட்டர் உயரத்தில் காற்று தண்ணீரைவிட 13 பாகை செல்சியஸாவது குளிர்ந்திருந்தால் முகில் விறுவிறென எழும். ஏரி ஏறக்குறைய 390 கிலோமீட்டர் நீளம். காற்று அந்த நீளவாக்கிலேயே வீசினால் ஈரம் முழுவதும் ஒரு ஒடுங்கிய பட்டையாகத் திரளும். பட்டை நிற்கும் இடத்தில்தான் பனி கொட்டும். 2014 நவம்பரில் தெற்குப் புறநகர்களில் ஒன்றரை மீட்டருக்கு மேல் விழுந்தது. நகரின் வடக்கே சில அங்குலம்தான். காற்று சற்றுத் திரும்பினால் பட்டையும் நகரும். ஏரி உறைந்துவிட்டால் ஈரம் அடைபடும்.

மகளிடம் ஒன்று கட்டாயம் சொல்லுங்கள். கார் பனியில் சிக்கினால் இறங்கி நடக்கக் கூடாது. முதலில் பின்னாலுள்ள புகைக்குழாயைச் சுற்றிப் பனியை அள்ள வேண்டும். அது அடைபட்டால் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு உள்ளே வரும், மணமே இராது. பிறகு மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓடவிட்டு, காற்று அடிக்காத பக்கக் கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கி வைக்கட்டும். பனி தொடர்ந்து கொட்டினால் ஒவ்வொரு முறையும் குழாயைப் பார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.