வலி குறைந்தது நல்ல சேதி இல்லையா?

கேள்வி: அண்ணனுக்கு அப்பெண்டிக்ஸ் வெடித்து ஆபரேஷன் ஆனது. முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமான வலி, மறுநாள் வலது அடிவயிற்றில் குத்தல், அப்புறம் திடீரென்று வலி விட்டது. அப்பாடா என்று இருந்தோம். சில மணி நேரத்தில் வயிறு முழுக்கக் கல்லாகிவிட்டது. பயாப்சி ரிப்போர்ட்டில் 'சுவர் முழுக்க நியூட்ரோஃபில், திசு அழுகல், துளை, வெளிப்பரப்பில் ஃபைப்ரின் படிவு' என்று இருக்கிறது. அவர் பட்ட பாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு சொல்லும் அவர் பட்ட ஒவ்வொரு மணி நேரம்தான். அப்பெண்டிக்ஸின் வாய் அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறும்போது குடல் சுவர் விரியும். குடலின் நரம்புகளுக்கு இடம் சொல்லத் தெரியாது, அதனால்தான் தொப்புள் பக்கம் மந்தமாக வலித்தது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் உள்பக்கத்திலிருந்து சுவரைத் தாண்டி வெளியுறை வரை வந்துவிட்டால், அது வயிற்றுச் சுவரின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் பெரிடோனியத்தை உரசும். பெரிடோனியம் என்ற அந்த உறையின் நரம்புகள் தோலின் நரம்புகளைப் போல, வலி எங்கே என்று விரல் வைத்துக் காட்டிவிடும்.

இப்போது உங்களை ஏமாற்றிய அந்த நிம்மதி. 'திசு அழுகல், துளை' என்பது அதுதான். ரத்த ஓட்டம் நின்ற சுவர் செத்து ஓட்டை விழுந்ததும் உள்ளே இருந்த அழுத்தம் இறங்கிவிட்டது, வலியும் இறங்கியது. முன்சிறுகுடல் புண் ஓட்டையானாலும் இப்படி ஓர் இடைவேளை வருவதுண்டு, அங்கே காரணம் வேறு: கசிந்த அமிலத்தை வயிற்றுக்குள் ஊறும் நீர் கொஞ்ச நேரம் நீர்த்துப்போக வைக்கிறது. இரண்டிலும் வியாதி நிற்கவில்லை.

அதற்குள் சீழ் பரவி பெரிடோனியம் முழுக்க வீங்கியதும் வயிற்றுத் தசைகள் தாமாகவே இறுகும், நோயாளி அசையாமல் கிடப்பார், இருமக்கூடப் பயப்படுவார். சிறுநீரகக் கல் வலிக்காரர் புரண்டு துடிப்பார், இவர் நேர் எதிர். குடலும் அசைவை நிறுத்திவிடுவதால் வயிறு உப்பி வாந்தி வரும். ஃபைப்ரின் என்பது பசை மாதிரி. ஓட்டையை அடைக்கப் பார்க்கும் அதுவே பின்னால் குடல் வளையங்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கவும் செய்யும்.

ஒன்று கவனியுங்கள். அவருக்கு அதிகம் வலித்த வயிற்றுச் சுவரின் உறை மைக்ராஸ்கோப்பில் பார்த்த அந்த ஸ்லைடில் இல்லவே இல்லை, வெட்டியெடுத்தது அப்பெண்டிக்ஸை மட்டும்தானே. வெளிப்பரப்பில் படிந்த ஃபைப்ரினைப் பார்த்துத்தான் பக்கத்து உறையின் நிலையை ஊகிக்கிறோம். வலியின் அளவை வைத்துத் திசுவின் நிலையைச் சொல்லவும் முடியாது. வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் உள்ளே சீழ் நிறைந்திருந்தும் வயிறு மெத்தென்றே இருக்கலாம்.

அப்புறம், ரிப்போர்ட்டில் கட்டி (சீழ்க்கட்டி இல்லை, ட்யூமர்) பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அபூர்வமாக அப்பெண்டிக்ஸை அடைத்தது சின்னக் கட்டியாக இருக்கும், அப்படி இருந்தால் சர்ஜனிடம் மறுபடி போக வேண்டும்.