14 கிலோ குழந்தைக்கு கேத் லேபில் எவ்வளவு எக்ஸ்ரே போகும்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறோம். மகளுக்கு 4 வயது, 14 கிலோ. இதயத்தில் பி.டி.ஏ. (பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ரத்தக்குழாய் மூடாமல் இருப்பது) என்று சொல்லி, கால் வழியாக டிவைஸ் வைத்து அடைக்கப் போகிறார்கள். கதிர்வீச்சு பற்றிக் கேட்டதற்கு "எங்கள் டோஸ் ரெஃபரன்ஸ் லெவலுக்குக் கீழேதான் இருக்கும்" என்றார் டாக்டர். அந்த அளவுக்குள் இருந்தால் ஆபத்து இல்லையா? பயமாக இருக்கிறது, இரண்டு வருடம் தள்ளிப்போடலாமா?

பதில்:

டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் கேத் லேப் ரேடியோகிராபராக வேலை செய்கிறேன். கேத் லேப் என்றால், எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு இதயச் சிகிச்சை செய்யும் அறை. டாக்டர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது உங்கள் மகளைப் பற்றிய வாக்கியம் அல்ல, அந்த ஆஸ்பத்திரியைப் பற்றியது.

இங்கே பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 'ரோட் டு ஹெல்த்' புத்தகம் தருவார்கள் இல்லையா? அதில் எடைக்கு வளைகோடுகள் இருக்கும். டாக்டர் சொன்ன ரெஃபரன்ஸ் லெவல், அதாவது டயக்னாஸ்டிக் ரெஃபரன்ஸ் லெவல் (டி.ஆர்.எல்.), ஆஸ்பத்திரிகளுக்குப் போட்ட அப்படியொரு கோடு. பல ஆஸ்பத்திரிகளில் ஒரே வகை சிகிச்சைக்கு ஆன டோஸைச் சேகரிப்பார்கள். ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் அதன் நடு மதிப்பை எடுத்து, எல்லாவற்றையும் ஏறுவரிசையில் அடுக்கி, முக்கால்வாசி எங்கே முடிகிறதோ அங்கே கோடு போடுவார்கள். ஆகவே கணக்கெடுக்கும்போதே கால்வாசி ஆஸ்பத்திரிகள் கோட்டுக்கு மேலேதான் நிற்கும். மேலே நிற்பவர்கள் "ஏன் இப்படி?" என்று மெஷினையும் பழக்கத்தையும் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான். சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையமான ஐ.சி.ஆர்.பி. 1996-இல் இந்தப் பெயரைக் கொண்டுவந்தது; 2017-இல் வெளியிட்ட 135-ஆம் அறிக்கையில், இதைத் தனி நோயாளிக்கு எல்லையாகப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. சிக்கலான இதயமுள்ள ஒரு பிள்ளைக்கு அந்த அளவைத் தாண்டிப் போனாலும், அது தேவைப்பட்ட டோஸாகவே இருக்கலாம். சுலபமான கேஸில் அதற்கு உள்ளேயே நின்றும் வீணாக எக்ஸ்ரே போயிருக்கலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பெரியவர்களுக்கு ஒரு சிகிச்சைக்கு ஓர் எண் போதும். எங்கள் மேஜையில் காலையில் 3 கிலோ சிசு, மதியம் 60 கிலோ பையன். எக்ஸ்ரே ஏறத்தாழ 3 செ.மீ. சதையைக் கடந்தாலே பாதியாகிவிடும். பருமன் கூடக் கூட மெஷின் தானாகவே டோஸை ஏற்றிக்கொண்டே போகும். அதனால் வயதை விட்டுவிட்டு எடையைப் பார்க்கச் சொல்கிறார்கள்: 5 கிலோவுக்குக் கீழே, 5 முதல் 15, 15 முதல் 30, 30 முதல் 50, 50 முதல் 80. உங்கள் மகள் 5-15 பிரிவில் வருகிறாள், ஆனால் அதன் மேல் நுனியில். 6 கிலோ குழந்தையும் அவளும் ஒரே பிரிவு என்பது எனக்கு எப்போதுமே உறுத்தும். எடைக்கு எதிராக டோஸை வரைந்து ஒரு வளைகோடாகவே வைத்துக்கொள்ளலாம் என்று அதே அறிக்கை சொல்வது இதனால்தான். கேஸ்கள் குறைவாக வரும் இடத்துக்கு அதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். பிள்ளைகளுக்கு இந்தச் சிகிச்சை செய்யும் கேத் லேப்கள் தென்னாப்பிரிக்காவில் அதிகமில்லை என்பதால், தன் பழைய கேஸ்களின் நடு மதிப்பையும் வெளிநாட்டு எண்களையும் வைத்து ஒப்பிடுவதே பல இடங்களில் வழக்கம்.

எண்களை ஒப்பிடும்போது யூனிட் ஏமாற்றும், கவனம். திரையில் டி.ஏ.பி. என்று ஒரு எண் ஓடும்: டோஸை அது விழுந்த பரப்பால் பெருக்கியது. கிரே என்பது டோஸின் அலகு. ஒரு கம்பெனி மெஷின் டி.ஏ.பி.யை கிரே சதுர செ.மீ.யில் காட்டும், இன்னொன்று மைக்ரோகிரே சதுர மீட்டரில். 2.5-உம் 250-உம் ஒரே டோஸாக இருக்கும்! இணையத்தில் தேடி எண்ணைப் பார்த்துத் தூக்கம் தொலைப்பதற்கு முன் இதைச் சரிபாருங்கள். "எத்தனை நிமிஷம் எக்ஸ்ரே ஓடியது" என்பதை மட்டும் வைத்தும் முடிவு கட்ட முடியாது. எக்ஸ்ரே விட்டு விட்டுத் துடிப்பாகத்தான் பாயும்; விநாடிக்கு 15 துடிப்பில் ஓடிய 8 நிமிஷமும் 7.5 துடிப்பில் ஓடிய 8 நிமிஷமும் ஒன்றல்ல. நடுவே பதிவுக்காகக் கூடுதல் டோஸில் எடுக்கும் சினி படங்கள் அந்த நிமிஷக் கணக்கில் முழுதாகத் தெரியாது, டோஸில் கணிசமான பங்கு அவற்றுடையதுதான்.

சரி, உள்ளே என்ன செய்கிறோம்? பி.டி.ஏ.வைப் பக்கவாட்டில் பார்த்தால்தான் நன்றாகத் தெரியும். அதனால் மயக்கம் கொடுத்ததும் இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வைத்து மெத்தென்று கட்டுவோம். கை குறுக்கே வந்தால் அதையும் துளைக்க மெஷின் டோஸை ஏற்றும். படத்தைப் பிடிக்கும் டிடெக்டரை நெஞ்சுக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே கொண்டுவருவோம், எக்ஸ்ரே வரும் ட்யூபைத் தள்ளி வைப்போம். செம்பு ஃபில்டர் போடுவோம். சின்ன உடம்பில் சிதறும் எக்ஸ்ரே குறைவு என்பதால் சிதறலைத் தடுக்கும் கிரிட்டைக் கழற்றிவிடலாம். அதிலேயே டோஸ் ஏறத்தாழ பாதிவரை குறையும். பெரியவர்களுக்கும் அதே மெஷினில் செய்யும் இடங்களில் இந்தக் கிரிட் கழற்றுவதுதான் மறந்துபோகும் வேலை. நீங்கள் கேட்டு வைக்க வேண்டிய ஒரே டெக்னிக்கல் கேள்வி இதுதான் என்பேன்: "பிள்ளைகளுக்கென்று தனி செட்டிங் வைத்திருக்கிறீர்களா, கிரிட்டைக் கழற்றுவீர்களா?" கேட்டால் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் அதுவும் ஒரு தகவல்தானே.

பெற்றோர் பலர் "ஈயக் கவசம் போட்டுவிடுங்கள்" என்பார்கள். படம் எடுக்கும் வட்டத்துக்குள் ஈயம் வந்தால் மெஷின் அதையும் ஊடுருவப் பார்த்து டோஸைக் கூட்டும். கவசத்தைவிட, எக்ஸ்ரே விழும் பரப்பை இதயம் மட்டும் தெரியும்படி சுருக்குவதுதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு.

சாட்ஸ்வொர்த்திலிருந்து பேரனோடு வந்திருந்த ஆயா ஒருவர், நான் தமிழ் பேசுவேன் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த லைட்டு புள்ள ஒடம்புலயே தங்கிடுமா தம்பி?" என்று கேட்டார். தங்காது. எக்ஸ்ரேயை ஓட்டும் பெடலிலிருந்து டாக்டர் கால் எடுத்ததும் எக்ஸ்ரே இல்லை. கதிர்வீச்சைப் பொறுத்தவரை, பாட்டியோ அம்மாவோ பிள்ளையைத் தொடவோ மடியில் வைத்துக்கொள்ளவோ பயப்பட வேண்டாம்.

இனி ஆபத்து. உடம்புக்கு வரும் ஆபத்தை அளக்கும் அலகு சீவர்ட். உதாரணத்துக்கு மகளுக்கு 5 மில்லி சீவர்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இயற்கையாகவே நம் மேல் விழும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லி சீவர்ட். ஆக இது இரண்டு வருடப் பங்கு. ஒரு சீவர்ட்டுக்கு ஏறத்தாழ 5 சதவீதம் என்ற பொதுக் கணக்கை எடுத்து, பிள்ளை என்பதால் மூன்றால் பெருக்கினாலும், பின்னாளில் புற்றுநோய் வரும் கூடுதல் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. இது ஜனத்தொகைக்கான கணக்கு, தனி ஒருத்திக்குப் பொருத்தக் கூடாது; எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தோல் சிவப்பதற்கு ஓரிடத்தில் 2 கிரே அளவு விழ வேண்டும். சாதாரண பி.டி.ஏ. அடைப்பு அதன் பக்கம்கூடப் போகாது.

முடிந்ததும் டி.ஏ.பி., ஏர் கெர்மா (தோலுக்குப் போன டோஸைக் கணிக்க உதவும் எண்) இரண்டையும் யூனிட்டோடு டிஸ்சார்ஜ் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த ஒரு டிவைஸோடு பெரும்பாலும் முடிந்துவிடும். மீண்டும் மீண்டும் கேத் லேபுக்கு வர வேண்டிய வேறு இதயக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்குத்தான் இந்தக் காகிதம் உயிர்.

தள்ளிப்போடுவது பற்றி: கதிர்வீச்சுக்குப் பயந்து மட்டும் என்றால் வேண்டாம். வயது ஏறினால் எக்ஸ்ரேயின் பாதிப்பு சற்றுக் குறையும், உண்மை. ஆனால் எடையும் ஏறும், நெஞ்சு பருக்கும், அதே படத்துக்கு டோஸும் கூடும். அதற்குள் தேவையில்லாத ரத்தம் நுரையீரலுக்குப் போய்க்கொண்டே இருக்கும், இதயத்துக்கும் வேலை கூடும். திறப்பு எவ்வளவு பெரியது, இதயம் வீங்கியிருக்கிறதா என்று எக்கோவைப் பார்த்து இதய டாக்டர் "காத்திருக்கலாம்" என்றால் காத்திருங்கள். அவர் இப்போதே செய்யலாம் என்றால் செய்துவிடுங்கள்.